ஐந்நூறு ரூபாய் கட்டி நடப்பவர்களுக்கு

நவம்பர் 14 நெருங்கினால் எனக்கு இப்படி ஒரு செய்தி வந்துவிடும். "அண்ணா, சர்க்கரை நோய் விழிப்புணர்வு நடை. 500 ரூபாய்தான், டி-சர்ட் தருவாங்க. வர்றீங்களா?" இந்த வருடமும் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறான்.

மக்கள் ஏன் இந்த நடைகளுக்குப் போகிறார்கள்? கேலி செய்துவிட்டு நகர்வது எளிது. நானும் போயிருக்கிறேன். கல்லூரியில் என்.எஸ்.எஸ். வருகைப்பதிவுக்காகக் காலை 5.30 மணிக்கே மெரினாவில் நின்றேன். மேலாளர் சொன்னதால் வந்தவர்கள் இருந்தார்கள், செல்ஃபிக்காக வந்தவர்களும் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நடந்த ஒரு பெரியவர், மனைவிக்குக் கால் எடுத்த பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை என்றார். நாலு பேரோடு சேர்ந்து நடந்தால் பயம் கொஞ்சம் குறைகிறது. அதைக் குறை சொல்ல நான் யார்?

என் சண்டை அன்று மேடையில் மைக் பிடித்தவரோடு. தினமும் நடந்தால் சுகர் ஓடிவிடும் என்றார். 'வாழ்க்கைமுறை நோய்' என்று சொல்லிவிட்டால் பழி முழுவதும் நோயாளியின் தலையில் விழுந்துவிடுகிறது. என் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடிவதற்கு முன் தொடங்கி மதியம் வரை நடைதான். அவருக்கும் சுகர். நடக்காமல் இருந்ததாலா வந்தது?

சுகர் இருந்தால் அடிக்கடி சிறுநீர் வரும். தெருவெல்லாம் பெருக்குகிற பெண்ணுக்கு அந்தத் தெருவில் ஒரு கழிப்பறை கிடையாது. எந்த வீட்டிலும் கேட்க முடியாது. ஏன் முடியாது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் அம்மா வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. சர்க்கரை ஏறிய உடம்பில் தண்ணீரும் குறைந்தால் என்ன ஆகும் என்று மருத்துவம் படிக்கிற தோழர்கள் சொல்லட்டும். மரத்துப்போன பாதத்தில் கண்ணாடிச் சில்லு குத்தினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். நல்ல பூட்ஸ் கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். டாக்டரைப் பார்க்கப் போனால் அன்றைய கூலி போச்சு. 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது, நல்ல திட்டம்தான். மாத்திரை வீடு தேடி வரும்; கழிப்பறை?

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடம்தான் அது அதிகம் என்று 2017-லேயே அதே ஆய்வுக்குழு சொல்லிவிட்டது. ரேஷன் அரிசியில் வயிறு நிறைக்கிறவரிடம் போய் ஓட்ஸ் சாப்பிடச் சொல்கிறார்கள்.

பாபாசாகேபுக்கும் சர்க்கரை நோய்தான். கடைசி வருடங்களில் இன்சுலின் போட்டுக்கொண்டு, கால்வலியோடு எழுதினார். நோய் வருவதற்கு வெகுகாலம் முன்பு அவரும் ஒரு நடை நடந்தார்: 1927 மார்ச் 20, மகாத், சவுதார் குளம். பின்னால் ஆயிரக்கணக்கானோர். டி-சர்ட் இல்லை. நேராகப் போய்க் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். எதற்காக நடந்தார்கள் என்று ஊருக்கே புரிந்தது, அதனால்தான் அடித்தார்கள்.

தம்பிக்கு இப்படிப் பதில் போட்டேன்: "வர்றேன். நடை முடிஞ்சதும் காலி பாட்டில்களை அள்ளப்போறவங்களுக்கு, உங்களுக்காக நிறுத்தியிருக்கிற நடமாடும் கழிப்பறையைத் திறந்துவிடுவாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

நீல டிக் விழுந்து இரண்டு நாள் ஆகிறது.