இந்தக் குழாய் இன்றும் தேவையா?

வெண்ணந்தூரிலிருந்து வந்த தறித் தொழிலாளி ஒருவர் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். கிருமித்தொற்றால் இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தது. கழுத்தில் குழாய் இட்டிருந்தோம். மறுநாள் அவர் மகன் திரையைப் பார்த்துவிட்டு, "நேத்து எட்டு இருந்துச்சுங்க, இன்னிக்கு நாலுதானுங்க காட்டுது. இன்னொரு பாட்டில் ஏத்தலாமுங்களா?" என்றார்.

அந்த எண் மைய சிரை அழுத்தம். ஊரில் நரம்பு என்று சொல்கிறோமே, அந்தச் சிரை வழியாக இதயத்தின் அருகே வரை செல்லும் குழாயில் அளக்கப்படுவது. குறைந்தால் திரவம் ஏற்று, கூடினால் நிறுத்து என்றே நாங்களும் பயின்றோம். ஆனால் திரவம் ஏற்றினால் இதயம் கூடுதலாக இரத்தம் இறைக்குமா என்பதை இந்த எண்ணைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல இயலாது என்று 2008இல் பால் மாரிக் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினர். செயற்கைச் சுவாசக் கருவியின் அழுத்தமும், அளவி வைக்கப்பட்ட உயரமும்கூட எண்ணை மாற்றிவிடும். ஆகவே சிறுநீர், இரத்த அழுத்தம், எக்கோ ஆகியவற்றோடு சேர்த்தே அதைப் பார்க்கிறோம். தேவைக்கு மேல் ஏற்றிய பாட்டில் நுரையீரலில் நீராய்த் தங்கும்.

குழாயின் முதன்மைப் பயன் வேறு. இரத்த அழுத்தத்தை உயர்த்தும் வீரிய மருந்துகள் கைச்சிரையிலிருந்து கசிந்தால் தசையும் தோலும் அழுகக்கூடும். அவற்றுக்குக் கழுத்து வழியே பாதுகாப்பு. அம்மருந்து நின்றபின் குழாய் பெரும்பாலும் கிருமிக்குத் திறந்த வாசல்தான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஐந்து எளிய பழக்கங்களைக் கடைப்பிடித்ததில் குழாய்வழித் தொற்று 66 விழுக்காடு வரை குறைந்ததாக 2006இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கை கழுவுதல், முழு உறை அணிந்து இடுதல், குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்றதை உடனே எடுத்தல். நாங்கள் மறப்பது கடைசியைத்தான். குழாய் இருந்தால் இரத்தம் எடுப்பது எளிது. அது எங்கள் வசதி, நோயாளியின் நலமன்று.

எனவே எண்ணைக் கேட்பதைவிட, "இந்தக் குழாய் இன்றும் தேவையா?" என்று நாள்தோறும் கேளுங்கள். குளிர்நடுக்கமோ, கட்டில் ஈரமோ கண்டால் உடனே சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம்.

அந்த மகன் நான்காம் நாள் கேட்டார். மருந்து முந்தைய நாளே நின்றிருந்தது. எங்களிடம் விடை இல்லை. அன்று பிற்பகலே தந்தையை மட்டமாகப் படுக்கவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லிக் குழாயை எடுத்தோம்.