மதினிக்கு ஒரு கேமரா

சென்ற இதழில் எலுமிச்சங்காய் ஊறுகாயில் பூசணம் பூக்காமல் காப்பது பற்றி எழுதியிருந்தேன். சகோதரிகள் நிறையப் பேர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். பதில் அடுத்த இதழில். இந்தத் தடவையும் ஒரு பூசணம் உண்டு, ஆனால் அது கேமராக் கண்ணாடியில் பூக்கிற பூசணம். "கேமராவுக்கும் இந்தப் பக்கத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று உடனே கேட்டுவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

தூத்துக்குடியில் என் பெரிய மதினி இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். வயது 61. அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். போன வருஷம் ஆடியில் தவறிவிட்டார். அதற்கப்புறம் மதினி வாசலைத் தாண்டுவதே அபூர்வமாகிவிட்டது. சாயங்காலம் அண்ணனும் மதினியுமாகக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவது பல வருஷத்துப் பழக்கம். அதுவும் நின்றது. சர்க்கரை ஏறியது. டாக்டர் "நடக்கணும்" என்றார். "யாரோட நடக்க?" என்று மதினி கேட்டார்கள். அதற்கு யாரிடம் பதில் இருக்கிறது?

நான் போயிருந்தபோது ஒருநாள், "மதினி, போனில் நாலு படம் எடுத்து அனுப்புங்களேன், பொழுதும் போகும்" என்றேன்.

"ஏளா, அந்தப் போனை எடுத்தாலே எனக்குப் பயமா இருக்கு. 'மூணு வருஷத்துக்கு முன்னால இதே நாள்'னு அதுவா உங்க அண்ணன் படத்தைக் கொண்டாந்து நிப்பாட்டுது. காலங்காத்தால, காப்பி குடிக்கும் முன்னால!"

போனில் அந்த நினைவூட்டலை நிறுத்தி வைக்க வழி உண்டு. அன்றைக்கே நிறுத்திக் கொடுத்தேன். ஆனாலும் படம் என்றால் போன், போன் என்றால் அண்ணன் என்று மனசில் விழுந்த முடிச்சு அவிழவில்லை. அப்போதுதான் தோன்றியது, மதினி எடுத்த படத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத தனிக் கேமரா ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன என்று.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் அப்பா 1970களில் ஓர் ஆக்ஃபா கிளிக் 3 வாங்கினார். ஒரு ரோல் போட்டால் 12 படம். அதை அண்ணன் கையில்தான் கொடுத்தார். "பொட்டப்புள்ள கையில கொடுத்தா ஃபிலிமை வீணாக்கிடும்" என்று எனக்குத் தொடவும் அனுமதி இல்லை. (இப்போது எழுதும்போதும் கொஞ்சம் கோபம் வரத்தான் செய்கிறது!) கல்யாணத்துக்குப் பிறகும் படம் எடுப்பது அண்ணன், நிற்பது மதினி. மதினி நிற்காத படமே அந்த வீட்டில் இல்லை. மதினி எடுத்த படமும் ஒன்று இல்லை.

சரி, வாங்குவது என்று முடிவாயிற்று. நான், தம்பி, மதினியின் மகன் மூவரும் பங்கு. உடனே ஆளுக்கொரு யோசனை!

மகன் பெங்களூரில் இருக்கிறான். "அத்தை, லென்ஸ் மாத்துற மிர்ரர்லெஸ் வாங்குவோம்" என்றான். நல்ல சாமான்தான். படத்தை வாங்குகிற சில்லு அதில் தபால் தலை அளவு இருக்கும். சிறு கேமராக்களில் அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. மழைக்கு அண்டாவை வைப்பதற்கும் தம்ளரை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். தண்ணீருக்குப் பதில் வெளிச்சம், அவ்வளவுதான். பனிமய மாதா கோயில் திருவிழாவை ராத்திரியில் எடுக்க வேண்டுமானால் அண்டாதான் வேண்டும். தம்ளரில் எடுத்தால் படம் ரவை தூவினாற்போல் புள்ளி புள்ளியாக விழும்.

ஆனால் மதினிக்கு என்ன வேண்டும்? உப்பளத்துக்குக் குளிர் மாதங்களில் பூநாரை வருகிறது. மதினிக்கு அதைப் பார்ப்பதில் அவ்வளவு ஆசை. அது கிட்டே வந்து நிற்காது. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்ட நீளமான ஜூம் வேண்டும். பெரிய சில்லுக்கு அந்த நீள ஜூம் லென்ஸ் வாங்கினால், லென்ஸ் விலையே கேமரா விலையைத் தாண்டும், கனமும் அப்படியே. சின்னச் சில்லு என்றால் லென்ஸும் சிறியதாகப் போதும். அதோடு, தூத்துக்குடிக் காற்றில் உப்பும் மணலும் எப்போதும் உண்டு. வெளியில் நின்று லென்ஸைக் கழற்றி மாட்டினால் உள்ளே போய்விடும். ஆகவே லென்ஸ் கழற்ற முடியாத, நீள ஜூம் உள்ள கேமராதான் நமக்கு என்று அடித்துச் சொன்னேன். மகனுக்கு வருத்தம்தான்.

தம்பி கப்பலில் இருக்கிறான். "சிங்கப்பூர்ல வாங்கிட்டு வாரேன், விலை குறைவு" என்றான். வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் முன்பு ஒரு தடவை அப்படி வந்த கேமரா மூன்றாம் மாதம் வாயைத் திறக்க மறுத்தது. பழுது பார்க்கும் இடத்தில், வெளிநாட்டு உத்தரவாதம் இங்கே செல்லாது என்று கையை விரித்துவிட்டார்கள். பில்லும், முத்திரை குத்திய உத்தரவாதச் சீட்டும் நம் ஊர்க் கடையிலிருந்தே வரட்டும்.

கடையில் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்குதான். 20, 24 என்று அடுக்குவார்கள். ஆல்பத்தில் ஒட்டுகிற ஆறுக்கு நாலு அங்குலப் படத்துக்கு இரண்டு சொச்சம் மெகாபிக்சலே போதும். இன்றைக்குக் கடையில் இருக்கும் எந்தக் கேமராவிலும் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. எனவே அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். டிஜிட்டல் ஜூம் என்கிற எண்ணும் அப்படித்தான். அது படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதே தவிர வேறொன்றுமில்லை. ஆப்டிகல் ஜூம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வயதானவர்களுக்கு இது அவசியம். ஜூமை நீட்டினால் இளவட்டங்களுக்கும் அவசியம்.

(1975-இல் கோடக் கம்பெனியில் ஸ்டீவ் சாசன் என்ற இளம் இன்ஜினியர் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் 0.01 மெகாபிக்சல்தான் இருந்தது! ஒரு படம் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி. கனம் மூன்றரைக் கிலோவுக்கு மேல். அதைக் கண்டுபிடித்த கம்பெனியே ஃபிலிமை விட மனசில்லாமல் இருந்து 2012-இல் திவால் மனு கொடுத்தது தனிக் கதை.)

கண் வைத்துப் பார்க்கும் துவாரம் உண்டா என்று அவசியம் பாருங்கள். கடற்கரை வெயிலில் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாது. துவாரத்துக்குப் பக்கத்தில் சிறு திருகு ஒன்று இருக்கும். அதைத் திருப்பி நம் பார்வைக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம். மதினிக்குப் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. திருகைத் திருப்பியதும் "ஏ, எழுத்தெல்லாம் தெளிவா தெரியுதே!" என்றார்கள்.

கனத்துக்கு ஒரு வீட்டுச் சோதனை. நீள ஜூம் கேமராக்களில் சில ஒரு கிலோ அளவுக்கு வரும். வாங்குமுன் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை முகத்துக்கு நேரே இரண்டு நிமிஷம் பிடித்துப் பாருங்கள். மதினிக்குத் தோள்பட்டை வலி உண்டு. ஒரு நிமிஷத்தில் இறக்கிவிட்டார்கள். அதில் பாதிக் கனமுள்ளதாகத் தேடினோம். பிடிக்கும்போது முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, முடிந்தால் சுவரில் சாய்ந்துகொண்டால் தோளுக்கும் நல்லது, படமும் ஆடாது. வாரைக் கழுத்தில் தொங்கவிடாமல் தோளில் குறுக்காகப் போட வேண்டும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

எழுத்தெல்லாம் இங்கிலீஷில் இருக்குமே என்று தயங்கும் அம்மாக்களுக்கு ஒரு செய்தி: நிகான் கூல்பிக்ஸ் கேமராக்கள் பலவற்றில் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். நீங்களே திறந்து பாருங்கள். நாங்கள் எதை வாங்கினோம் என்று சொன்னால் விளம்பரமாகிவிடும், விடுங்கள்.

பரிசு என்றால் வண்ணக் காகிதம் சுற்றிப் பெட்டியோடு கொடுக்கத்தான் ஆசை வரும். அப்படிக் கொடுத்தவை பீரோவிலேயே உறங்குவதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! முந்தின நாளே பெட்டியைப் பிரித்து, பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றி, மெமரி கார்டு போட்டு, தேதி, நேரம், மொழி எல்லாம் சரிசெய்து, வாரையும் மாட்டிக் கையில் கொடுங்கள். சுற்றுப் பல்லைத் தானியங்கி நிலையில் வைத்து, 'இதை மாற்ற வேண்டாம்' என்று ஒரு வரி. 'இந்தப் பொத்தானைப் பாதி அழுத்து, கீச் என்றதும் மீதியை அழுத்து' என்று இன்னொரு வரி. இவ்வளவும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டினேன்.

வாரை மணிக்கட்டில் மாட்டச் சொன்னபோது மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் தகப்பனார் சங்குத் தோணியில் போனவர். இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த 1961-இலும் கடலில் இறங்கியிருக்கிறார். குளிக்கிறவர் இடுப்புக் கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள். தங்கச்சி தாலிக்காகவாவது விடமாட்டான் அல்லவா! "கேமராவுக்கு நான் மச்சினனா?" என்றார்கள். அந்த அப்பா தோணியில் நிற்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அப்போது அந்தத் தெருவில் யாரிடம் கேமரா இருந்தது?

இனி உப்பளம். வெள்ளை வெளேரென்று குவித்த உப்பு அம்பாரத்தை எடுத்தால் படத்தில் அழுக்குச் சாம்பலாக விழும். கேமரா அவ்வளவு வெள்ளையைக் கண்டதும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துத் தானே குறைத்துக்கொள்கிறது. ப்ளஸ் மைனஸ் போட்ட பொத்தானில் ப்ளஸ் 1 வைத்தால் உப்பு உப்பாகவே இருக்கும். அங்கே வேலை செய்கிற பெண்களை எடுக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். துறைமுக எல்லைக்குள் அனுமதியில்லாமல் எடுக்கவே கூடாது. மதினிக்கு இது தெரியும். பரிசு பெறும் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

பூசணத்துக்கு வந்தேன். கடலோரத்தில் ஈரம் அதிகம். கேமராவைத் தோல் உறைக்குள் போட்டு மூடி வைத்தால் உறை ஈரத்தைக் குடித்துக்கொண்டு லென்ஸுக்குக் கொடுக்கும். சிலந்தி வலைபோல் பூசணம் படரும். உறையை விட்டுவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறினால் மணிகள் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், மாற்றிவிடலாம். நீல மணியில் கோபால்ட் உண்டு. பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது, சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்கவும் கூடாது. அரிசிப் பானையில் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிடு உள்ளே போகும். பாச்சை உருண்டை போட்ட பீரோவும் ஆகாது. கடற்கரைக்குப் போய் வந்தால் லேசாக ஈரம் தொட்ட மெல்லிய துணியால் உடம்பை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு.

கொடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. முதல் வாரம் டப்பாவிலேயே இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அப்புறம் ஒரு சாயங்காலம் எடுத்துக்கொண்டு தனியாகவே கிளம்பியிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது காட்டினார்கள். நாற்பது படம் இருக்கும். பாதியில் பூநாரைக்குத் தலை இல்லை. இரண்டில் மதினியின் விரல். ஒன்றில் மட்டும், தலைச்சும்மாட்டோடு ஓர் உப்பளத்துப் பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏளா, இதை எங்க போட்டுக் குடுப்பாங்க?" என்று கேட்டார்கள். "ரெண்டு காப்பி வேணும். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு தாரேன்னு சொல்லிட்டேன். நாளைக்கு ஆறு மணிக்குள்ள போகணும், வெயிலுக்கு முன்னால."