கேஸ்ல குளிருது... கரன்ட்டுல குளிரலையா? ஆர்.வி ஃப்ரிட்ஜ் செக்கப்!

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் போகிறீர்களா? வாடகை ஆர்.வி-யில் யெல்லோஸ்டோன் வரை ஒரு ட்ரிப் இருக்கலாம். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ள வண்டி வீடுதான் ஆர்.வி. அதில் ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணினால் தோசை மாவு மட்டுமல்ல, தாத்தாவின் இன்சுலினும் வீணாகலாம்.

வழக்கமாக 'உர்ர்' என்று சத்தம் போடும் ஃப்ரிட்ஜ் என்றால், அது நம் வீட்டில் இருப்பது போன்ற கம்ப்ரசர் ரகம். சத்தமே போடாதது அப்சார்ப்ஷன் ரகம். இன்றைய பஞ்சாயத்து இதோடுதான். அம்மோனியா கரைசலைச் சூடாக்கித்தான் இது குளிரைத் தருகிறது. சூடு வைத்து ஐஸ்கட்டி! 1922-ல் ஸ்வீடனில் இரண்டு மாணவர்கள் செய்த வேலை இது.

அந்தச் சூட்டை கேஸும் தரும், 120 வோல்ட் கரன்ட்டும் தரும். ஆனால், எதில் ஓடினாலும் உள்ளே இருக்கும் கன்ட்ரோல் போர்டுக்கு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். 'கேஸ்லதானே ஓடுது, பேட்டரி எதுக்கு?' என்று பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

அதனால் முதலில் பேனலைப் பாருங்கள். விளக்கே எரியவில்லையா? 12 வோல்ட் பக்கம்தான் சந்தேகம். ஃபியூஸ், பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பு, லூசான எர்த் ஒயர் என வரிசையாகப் பாருங்கள். முழு சார்ஜில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். பெரியதாகப் போட்டால் ஒயர் தீப்பிடிக்கும்.

விளக்கு எரிகிறது, கேஸில் குளிர்கிறது, கரன்ட்டில் மட்டும் குளிரவில்லையா? பிரேக்கர் விழுந்திருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் ஃப்ரிட்ஜின் ப்ளக், வெளிப்பக்க ஜன்னல் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்தப் பாயின்ட்டில் ஒரு போன் சார்ஜரைச் செருகினால் கரன்ட் வருகிறதா எனத் தெரிந்துவிடும். வந்தால், ஹீட்டிங் எலிமென்ட்டோ போர்டோ போயிருக்கலாம். அது மெக்கானிக் வேலை. அவர் வரும்வரை கேஸில் ஓட்டுங்கள்.

இரண்டிலும் குளிரவில்லை என்றால், வண்டி சாய்வாக நிற்கிறதா பாருங்கள். உள்ளே திரவம் தன் எடையில்தான் வழிந்து ஓடுகிறது, பம்ப் கிடையாது. இன்னொன்று, ஆன் செய்த 2 மணி நேரத்தில் 'போச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். முழுதாகக் குளிர அரை நாளுக்கு மேலும் ஆகலாம். முதல்நாள் இரவே ஆன் செய்துவிடுங்கள்.

அம்மோனியா நெடி அடித்தாலோ, பின்பக்கக் குழாயில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ கசிவு என்று அர்த்தம். உடனே கேஸ், கரன்ட் இரண்டையும் நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஐஸ் பெட்டிக்கு மாற்றும்போது துணியில் சுற்றுங்கள். ஐஸை ஒட்டிவைத்து உறைந்துவிட்டால் அந்த மருந்தைப் போடக் கூடாது.