மரியன்னையும் திருவருட்சத்தியும்

உரோமன் கத்தோலிக்கர் போற்றும் மரியன்னையும் சைவர் வழிபடும் உமையம்மையும் ஒன்றே. பெயரே வேறு என்று சைவருள்ளும் சிலர் கூறிவருகின்றனர். இது சமரசம் போலத் தோன்றினும் இரு சமயத்துக்கும் பிழை செய்வதேயாம்.

பிறர் மதத்தை ஆராய்வார் அதனை அம்மதத்தார் கூறுமாறே கொள்ளுதல் நெறி. மரியன்னையைக் கத்தோலிக்கர் கடவுளாகக் கொள்வர் என்பது மெய்யன்று. ஆராதனை கடவுளுக்கே, அடியார்க்கு வணக்கம், மரியன்னைக்கு அதனினும் மேம்பட்ட வணக்கம் என அவர் மூவகைப்படுத்துவர். 431-ல் எபேசு நகரிற் கூடிய சங்கம் அவரைத் தேவமாதா எனத் துணிந்தது கிறிஸ்துவின் கடவுட்டன்மையை நிலைநாட்டுதற்பொருட்டே. 1854-ல் ஒன்பதாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர், மரியன்னை கருவான கணத்திலேயே சென்மபாவம் பற்றாது காக்கப்பட்டார் எனத் தீர்மானித்தார். அக்காவலும் கிறிஸ்துவின் புண்ணியப் பேற்றானே எய்தியது என்றார். ஆகவே மரியன்னையும் மீட்கப்பட்டவரே.

மரியன்னைக்கு ‘இணை மீட்பர்’ என்னும் பெயர் வேண்டுமென அவருட் சிலர் நெடுங்காலம் முயன்றனர். 1964-ல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபைச் சாசனம், அவர்க்கு வழங்கும் பெயர்கள் கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர் என்பதனைக் கூட்டவும் குறைக்கவும் செய்யா என வரையறுத்தது. 2025 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட கோட்பாட்டுக் குறிப்போ, ‘இணை மீட்பர்’ என்னும் பெயரைத் தகாததென விலக்கிற்று.

இதனாற் பெறப்படுவது யாது? அவர் கொள்கைப்படி மரியன்னை படைக்கப்பட்டதோர் உயிர். சித்தாந்த வழக்கிற் பசு. உமையம்மையோ சிவபெருமானின் வேறல்லாத திருவருளே. ஞாயிற்றுக்குக் கதிர் போல்வாள். பசுவையும் பதியின் சத்தியையும் ஒன்றென்பார் இரண்டனையும் அறியாதவரேயாவர்.

இனி, மரியன்னையின் பரிந்துரையாற் கடவுளருள் பெருகுமெனின், அவ்வருள் முன்னர்க் குறைவுடையதாயிருந்ததாம். பெருகாதெனின், பரிந்துரை மிகையாம். “பரிந்துரை கடவுளின் உள்ளத்தை மாற்றுவதன்று, அவர் அருளே அதனைத் தூண்டிப் பயன்படுத்தும்” என்பர் கத்தோலிக்கர். அங்ஙனமாயின் தூண்டுவதும் அருள், பயன் தருவதும் அருள். அருளுக்கும் உயிருக்கும் நடுவே பிறிதோர் உயிரை நிறுத்துதற்குக் காரணம் இன்றாயிற்று.

அற்றேல், சைவரும் குருவையும் அடியாரையும் இடைவைத்தனரே எனின், அற்றன்று. குருவாய் வருபவன் உள்நின்ற இறைவனே என்பது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரக் கருத்து. அடியாரையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்பது பன்னிரண்டாஞ் சூத்திரக் கருத்து. ஈண்டு இடைநின்று பரிந்துரைப்பார் ஒருவருமிலர்.

மேலும், சென்மபாவம் ஆதாமிடத்துத் தோன்றியதென்பது அவர் கொள்கை. தோற்றமுடையதாகலின் ஓருயிர்க்கு அதனின்று விலக்குக் கூறுதல் அவர்க்கு இயலும். ஆணவமலமோ அநாதி. விஞ்ஞானகலரும் அதற்கு விலக்காகார். ஆகலின் இயல்பிலே மலமிலியாகிய பதியொருவனே மலநீக்கத்துக்கு உரியவன் என்பது தெளிவாம்.

இவ்வளவும் பிறர்மேற் குற்றங் காண்டற்கு மாத்திரம் கூறியதன்று. சிவபெருமானைச் சினமுடையானாகவும், அம்மையை அச்சினந் தணித்து நம் குறையை எடுத்துரைப்பாளாகவும் எண்ணித் திருக்கோயிலில் நிற்கும் சைவர் இன்றும் பலர். தாயென்பதும் பரிவாளென்பதும் உலகியல் நோக்கிய உபசாரம். அதனையே உண்மையெனக் கொண்டவர், மரியன்னையையும் உமையம்மையையும் ஒன்றென மயங்குதல் வியப்பன்று. அம்மை சிவனிடத்து நம்பொருட்டு வேண்டுபவள் அல்லள்; சிவன் நம்மேல் வைத்த அருளே அம்மை. இதனைத் தெளிந்தவர்க்கு எம்மதத்தாரையும் இகழவேண்டுவதில்லை, எம்மதத்தோடும் மயங்கவேண்டுவதுமில்லை.

திருச்சிற்றம்பலம்.