கெட்டுப்போன படம் எடுத்து வாருங்கள்!

மாணவ நண்பர்களே, கல்விச் சுற்றுலா போய்வந்தவர்களின் புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். கோயில் முன்னால் ஒரு வரிசை. அணைக்கட்டு முன்னாலும் அதே வரிசை, அதே புன்னகை. பின்னால் இருப்பது மட்டும் மாறியிருக்கும். இப்படி நாற்பது படம் எடுப்பதைவிட, வேண்டுமென்றே நாலு 'தப்பான' படம் எடுத்து வருவது மேல் என்பது என் கட்சி.

மாமல்லபுரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புபவர்கள் குறைவு. பாறையின் உயரம் சுமார் 6 மீட்டர். எடை 250 டன் இருக்கலாம் என்கிறார்கள். அதை எட்டாம் வகுப்பு மாணவன் எப்படித் தூக்குகிறான்? காமிராவிலிருந்து பாறை 30 மீட்டர் தூரத்திலும், உங்கள் நண்பன் 3 மீட்டர் தூரத்திலும் இருப்பதாகக் கொள்ளுங்கள். பாறை பத்து மடங்கு தள்ளி இருக்கிறது. ஆகவே நண்பனின் அருகில் வைத்த 60 சென்டிமீட்டர் உருண்டை எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவுதான் படத்தில் தெரியும். கணக்குப் பாடத்தில் வரும் வடிவொத்த முக்கோணங்களேதாம் இவை!

இயற்கையும் இதே வித்தையைச் செய்கிறது. சூரியனின் விட்டம் சந்திரனுடையதைப்போல் சுமார் 400 மடங்கு. சூரியன் இருக்கும் தூரமும் ஏறக்குறைய 400 மடங்கு. அதனால்தான் முழுச் சூரிய கிரகணத்தின்போது அந்தச் சிறிய சந்திரனால் சூரியனை மறைக்க முடிகிறது.

இன்னொரு தப்பான படத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் கல்லூரியில் படித்தபோது பிலிம் சுருள்தான். 36 படத்தோடு தீர்ந்துவிடும். சுற்றுலா ஒன்றில் இரவல் காமிராவை வைத்துக்கொண்டு, ஓடும் பேருந்தை மெதுவான ஷட்டரில் எடுத்தேன். "ஆடிப்போன படம் தம்பி, பிரிண்ட் போட்டுக் காசை வீணாக்காதே" என்றார் ஸ்டூடியோக்காரர். நானும் வெட்கப்பட்டு நெகடிவைத் தூக்கி எறிந்துவிட்டேன். பாடம் நடத்த வந்த பிறகுதான் எதை எறிந்தேன் என்பது புரிந்தது. அந்தப் படத்தில் பேருந்தின் வேகம் பதிவாகி இருந்தது! ஷட்டர் 1/20 வினாடி திறந்திருந்து, அதற்குள் பேருந்து 50 சென்டிமீட்டர் இழுபட்டுப் பதிந்திருந்தால், அதன் வேகம் வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். பேருந்தின் நீளம் தெரிந்தால் போதும். படத்தில் இழுபட்ட தூரத்தை அதோடு ஒப்பிட்டு அளந்துவிடலாம். ஷட்டர் நேரத்தை நாமே அமைத்துக்கொள்ளும் வசதி இப்போது பல கைப்பேசிகளில் இருக்கிறது.

காமிராவையும் பேருந்தோடு சேர்த்துத் திருப்பிப் பாருங்கள். பேருந்து நின்றுவிடும், சாலையோர மரங்கள் ஓடும். சார்பு இயக்கத்தைக் கரும்பலகையில் இவ்வளவு சுலபமாக என்னால் காட்ட முடிந்ததில்லை.

"கையில் காமிரா இருந்தால் பிள்ளைகள் இடத்தையே பார்ப்பதில்லை" என்று ஆசிரியர்கள் குறைப்படுவது நியாயம்தான். அதற்காகக் காமிராவே கூடாது என்று தடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஐந்து பேருக்கு ஒரு காமிரா போதும்; அது ஆசிரியரின் கைப்பேசியாகவும் இருக்கலாம். குழுவுக்குப் பத்தே படங்கள். எடுக்கும் முன் தூரம், ஷட்டர் நேரம், என்ன விழும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவற்றை நோட்டில் எழுதிவிட வேண்டும். எதிர்பார்த்தது விழாவிட்டால் இன்னும் நல்லது. ஏன் விழவில்லை என்று பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் சண்டை போடலாம்!

இதை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். மலைக்குப் பின்னால் மலையளவு நிலா, வீட்டளவு மீன் என்று எத்தனை படங்கள் உங்கள் வீட்டுக் கைப்பேசிக்கு வருகின்றன! பாறையை ஒருமுறை தானே தூக்கியவன், "காமிரா எங்கே நின்றது?" என்று முதலில் கேட்பான். இன்று காமிராவே இல்லாமல் கணினி உண்டாக்கும் படங்களும் வருகின்றன. அவற்றைப் பிடிக்க இந்தக் கேள்வி மட்டும் போதாது. ஆனாலும் கேட்கத் தெரியாதவனைவிட இவன் எவ்வளவோ தேவலை.

அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது ஓர் அளவுநாடாவும் கொண்டுபோங்கள். நண்பனுக்கும் பாறைக்கும் காமிராவிலிருந்து உள்ள தூரங்களை அளந்து, நண்பன் கையில் ஓர் அடி ஸ்கேலைக் கொடுத்துப் படம் எடுங்கள். (பின்னால் பார்க்காமல் நகர்ந்துகொண்டே போகாதீர்கள்; அங்கே சரிவு அதிகம்.) பாறையின் உயரம் உங்கள் கணக்கில் 6 மீட்டருக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள்.