4,000 ரிங்கிட்டுக்கு நசுக்கி விடுவதா? தோட்டத்து ஜீப்புக்குக் கிடைக்கும் மறுவாழ்வும் அதில் நமக்குள்ள பங்கும்

20 ஆண்டுகளைத் தாண்டிய காரை ஒப்படைத்துவிட்டுப் புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்கினால் 4,000 ரிங்கிட் வரை உதவி கிடைக்கும் என்று 2026 வரவு செலவுத் திட்டத்தில் பிரதமர் அறிவித்தார். அதற்காக 1 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. வீட்டு வாசலில் ஒரு பழைய கஞ்சிலையோ இஸ்வாராவையோ வைத்துக்கொண்டு மாதா மாதம் பட்டறைக்குக் காசு கட்டும் குடும்பத்துக்கு இது நல்ல செய்திதான். பழைய கார் பிரேக் பிடிக்காமல் போய், பிள்ளைகளோடு கால்வாயில் விழுவதைவிட அதை நசுக்கி விடுவது மேல்.

ஆனால் எல்லாப் பழைய வண்டியும் அந்தக் கணக்கில் அடங்காது. செம்பனைத் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், பூசணிக் கொடி படர்ந்து கிடக்கிறதே ஒரு லேண்ட் ரோவர், அதைத்தான் சொல்கிறேன். நம் ஆட்கள் வாயில் அது ‘ஜீப்’. லேண்ட் ரோவர், டொயோட்டா லேண்ட் குரூசர், வில்லிஸ் எதுவானாலும் தோட்டத்தில் ஜீப்தான். பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போட்டால் சில நூறு ரிங்கிட் கிடைக்கும். அதே வண்டியைச் சுத்தம் செய்து, சாயம் அடித்து, புது இருக்கை, குளிர்சாதனம், பவர் ஸ்டீரிங் வைத்துத் தலைநகரில் நிறுத்தினால் புதுக் கார் விலை கேட்கிறார்கள், அதையும் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது.

இது நம் நாட்டு மோகம் மட்டும் அல்ல. தயாரித்த கம்பெனியே 2018-ல், தன் 70-ஆம் ஆண்டை ஒட்டி, பழைய டிஃபெண்டர்களைத் திரும்ப வாங்கிப் பிரித்து, 5.0 லிட்டர் வி8 எஞ்சின் பொருத்தி 150 வண்டிகள் மட்டும் விற்றது. தொடக்க விலை 150,000 பவுண்டு. அமெரிக்காவில் 25 ஆண்டுகளைத் தாண்டிய வெளிநாட்டு வண்டியை இறக்குமதி செய்வது எளிது என்பதால், அங்கே இதுவே தனித் தொழிலாகிவிட்டது. பழைய டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரி 29-ஆம் தேதி நின்றுபோனது. அதுவரை 20 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியிருந்தார்கள். இனி அந்த உருவத்தில் ஒன்று வராது என்று தெரிந்த நாளிலிருந்தே விலை ஏறத் தொடங்கியது.

நமக்கும் இந்த வண்டிக்கும் உள்ள உறவு அதன் பிறந்த ஆண்டிலேயே தொடங்குகிறது. 1948 ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவரை முதன்முதலாகக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் துரைமார்கள் மலைக்கும் காட்டுக்கும் போக இந்த வண்டி தேவைப்பட்டது. சில தோட்டங்களில் இரும்புத் தகடு அடித்து ஓட்டினார்கள். பக்கத்து இருக்கையில் துப்பாக்கியோடு துரை இருந்தார். ஸ்டீரிங்கைப் பிடித்தவர் பெரும்பாலும் நம்மவர். வண்டி சேற்றில் புதைந்தால் இறங்கித் தள்ளியவரும், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டவரும் நம்மவர்தான். அதற்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை.

கேமரன் மலைக்குப் போனவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ரிங்லெட்டில் தொடங்கி தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா வரைக்கும் முட்டைக்கோசும் தக்காளியும் சுமந்துகொண்டு முனகி ஏறுகிற வண்டிகள் இன்றும் உண்டு. தேயிலைத் தோட்டத்துப் பாதைகளிலும், பாசிக் காட்டுக்குச் சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்வதிலும் அவைதான். அங்கே அது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. சரக்கு இறங்கவில்லை என்றால் அன்றைய கூலி இல்லை. கோலாலம்பூரில் காப்பிக் கடை வாசலில் பளபளவென்று நிற்கும் வண்டியையும் இதையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது. ஆனால் சட்டம் ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. சிக்கல் அங்கேதான்.

அதைச் சொல்லுமுன், ‘மீட்டெடுப்பது’ என்றால் என்ன வேலை என்று பார்ப்போம். இதில் ஏமாந்தவர்கள் அதிகம். இந்த வண்டியின் மேல் உடம்பு அலுமினியக் கலவை. போருக்குப் பிறகு பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு என்பதால் அப்படிச் செய்தார்கள். அதனால் வெளியே பார்த்தால் துருவே தெரியாது. வாங்குகிறவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘அண்ணே, இன்னும் கல்லு மாதிரி இருக்கு’ என்று பணத்தை எண்ணிவிடுவார். அடியில் இருக்கும் சேஸிஸ் இரும்பு. எஞ்சினுக்கும் ஓட்டுநர் காலுக்கும் நடுவே நிற்கும் தடுப்பும் இரும்பு. இரும்பும் அலுமினியமும் தொடும் இடங்களில், நம் ஊர் ஈரத்தில், ஒன்றை ஒன்று தின்னும். பெட்டி வடிவச் சேஸிஸ் உள்ளே இருந்தே உளுத்துப்போகும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘பொத்’ என்று கேட்டால் அங்கே பழைய துணியும் பூச்சும் தாரும்தான் இருக்கின்றன.

சேஸிஸ் போய்விட்டால் துத்தநாகம் பூசிய புதுச் சேஸிஸை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய சேஸிஸில் அடித்திருந்த எண்தான் அந்த வண்டியின் அடையாளம். அதை வெட்டிப் புதியதில் ஒட்டுவது சட்டத்தோடு விளையாடுவது. அதிகாரப்பூர்வமாக அனுமதி கேட்டு மாற்றாவிட்டால், அழகான ஒரு வண்டி கையில் இருக்கும், ஆனால் சாலையில் ஓட்ட முடியாது.

அடுத்தது பிரேக். சீரிஸ் வகை வண்டிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். மலை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். பழைய ஓட்டுநர்கள் கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் இறங்குவார்கள். பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். சீரிஸ் 3 வருவதற்கு முன்பு, முதல் இரண்டு கியருக்கும் டபுள் கிளட்ச் போடத் தெரிய வேண்டும். இன்று ஆட்டோ மைவியில் ஓட்டிப் பழகிய பிள்ளையை அதில் உட்கார வைத்து அனுப்புவது சரியல்ல. எனவே, ‘அசல் மாறாமல் இருக்க வேண்டும், ஒரு ஆணிகூட மாற்றக்கூடாது’ என்று அடம்பிடிக்கும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பிரேக்குக்கு சர்வோ, மூன்று முனை இருக்கை வார், பவர் ஸ்டீரிங் ஆகியவற்றை முறையாக அனுமதி வாங்கி வைத்தால் அது வண்டிக்குச் செய்யும் துரோகம் ஆகாது. துரோகம் என்று சொல்ல வேண்டுமானால், பிரேக்கைத் தொடாமல் ஒலிபெருக்கிக்கும் கூரை விளக்கு வரிசைக்கும் பணத்தைக் கொட்டுவதைச் சொல்லலாம்.

எஞ்சின் விஷயத்தில் காலம் ஒரு குட்டிக்கரணம் போட்டிருக்கிறது. அசல் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஒரு லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் போனாலே பெரிய காரியம். அதனால்தான் ஒரு காலத்தில் பலர் அதைத் தூக்கிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சினைப் போட்டார்கள். டீசல் மலிவு, இழுவையும் அதிகம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஒரே ராத்திரியில் ஏறியது. தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவி என்று தொடங்கினார்கள். பிறகு 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் 1.99 ரிங்கிட் ஆனது. ஆக, டீசலுக்கு மாறியவர்கள் இப்போது தலையைச் சொறிகிறார்கள். எஞ்சின் மாற்றம் கிராண்டில் பதிவாகாமல் இருந்தால் இன்னும் மோசம். கிராண்டில் பெட்ரோல் என்று இருக்கும் வண்டி டீசல் உதவிக்கு எப்படி மனு போடும்?

அந்தக் கிராண்டில்தான் நம் குடும்பங்கள் பல மாட்டிக்கொண்டிருக்கின்றன. என் பெரியப்பா சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் துரைக்கு டிரைவராக இருந்தார். தோட்டம் கைமாறியபோது, ‘இத்தனை வருஷம் நீதான் பார்த்துக்கொண்டாய், நீயே வைத்துக்கொள்’ என்று ஒரு சீரிஸ் 2ஏ வண்டியைக் கொடுத்தார்கள். வாய் வார்த்தைதான். கிராண்ட் கம்பெனி பேரிலேயே நின்றுவிட்டது. பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கோயில் திருவிழாவுக்கு விறகும் பானையும் சுமந்தது அந்த வண்டிதான். அவர் காலமான பிறகு, விற்கலாம் என்று அண்ணன் தாளை எடுத்துக்கொண்டு அலைந்தார். அந்தக் கம்பெனி இன்று இல்லை. அதை வாங்கிய கம்பெனி, ‘எங்கள் சொத்துப் பட்டியலில் இப்படி ஒரு வண்டியே கிடையாது’ என்று கைவிரித்தது. கையெழுத்துப் போட ஆள் இல்லை. கடைசியில் ஒரு வியாபாரி வந்து, ‘தாள் இல்லாத வண்டி, பார்ட்ஸுக்குத்தான் ஆகும்’ என்று சொல்லிச் சொற்பக் காசுக்கு ஏற்றிக்கொண்டு போனார். பெரியம்மா அன்றைக்கு வாசலுக்கே வரவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பது, இதை நான் வெளியே சொல்லத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. பெயர் மாற்றத்துக்குச் சோதனை வேண்டும். அங்கே சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கிராண்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டால் நீதிமன்றம் அல்லது அமானா ராயா வழியாக வாரிசுத் தாள் எடுக்க வேண்டும். ‘ஒரு ஓட்டை ஜீப்புக்கு இவ்வளவா’ என்று நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்ட வண்டியைத்தான் வேறொருவர் வாங்கி, வக்கீல் வைத்து, தாளைச் சரிசெய்து, நாம் கனவிலும் நினைக்காத விலைக்கு விற்கிறார். அவர் மேல் தப்பு இல்லை. அவர் தாளின் மதிப்பு தெரிந்தவர்.

அரசாங்கத்தின் பக்கமும் ஒரு கேள்வி உண்டு. 2009-ல், 15 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்குச் சாலை வரி புதுப்பிக்கக் கட்டாயச் சோதனை என்று தேசிய வாகனக் கொள்கையில் அறிவித்தார்கள். மக்கள் கொதித்ததும் விரைவிலேயே பின்வாங்கினார்கள். அன்றிலிருந்து பழைய வண்டி என்றால் அரசாங்கத்துக்குத் தொடவும் பயம், விடவும் பயம். வண்டியின் கட்டமைப்புக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1959-ஆம் ஆண்டு விதிகள். அதாவது, நாம் பேசும் சில லேண்ட் ரோவர்கள் அந்த விதிகளைவிட வயதில் மூத்தவை! சோதனை நிலையத்துக்கு இருந்த ஏகபோக உரிமை 2024 ஆகஸ்டோடு முடியும் என்று போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்தபோது, வரிசை குறையும் என்று பலரும் மகிழ்ந்தோம். வரிசை குறைந்தால் மட்டும் போதாது. பண்ணைக்குள் ஓடும் வேலை வண்டி, வார இறுதியில் மட்டும் வெளிவரும் பழம்பெரும் வண்டி, தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி, இந்த மூன்றுக்கும் மூன்று அளவுகோல் வேண்டும். டிஸ்க் பிரேக் வைத்தவரையும், காது கிழியும் புகைக்குழாய் வைத்தவரையும் ‘மாற்றம் செய்தவர்’ என்ற ஒரே பட்டியலில் போட்டால், பாதுகாப்புக்காகச் செலவு செய்ய யாருக்கு மனம் வரும்?

எனக்கு வண்டியைவிடப் பெரிய கவலை, அதைத் தட்டிச் சரிசெய்யும் கைகளைப் பற்றியது. தோட்டப் பட்டறையில் போர்மனிடம் அடிவாங்கித் தொழில் கற்றவர்கள் இப்போது அறுபது, எழுபது வயதில் இருக்கிறார்கள். கணினியைச் செருகிப் பழுது கண்டுபிடிக்கும் இன்றைய மெக்கானிக்குக் கார்புரேட்டர் என்றால் அருங்காட்சியகப் பொருள். பணக்காரர்களின் வண்டியை மீட்டெடுக்கும் நகரப் பட்டறைகள் சத்தமில்லாமல் இப்படிப்பட்ட பெரியவர்களைத் தேடிப்பிடித்து நாள் கூலிக்கு வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். முழு வண்டியையும் கட்டி முடிப்பவருக்கு நாள் கூலி, பேனர் மாட்டியவருக்கு லாபம்.

இவர்களிடம் சான்றிதழ் இல்லை. ஆனால் வழி இருக்கிறது. மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறை, வகுப்புக்குப் போகாமலேயே, அனுபவத்தையும் செய்த வேலைக்கான சான்றுகளையும் காட்டி எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் பெற இடம் கொடுக்கிறது. பிபிடி என்று அதைச் சொல்வார்கள். படங்கள், ரசீதுகள், முதலாளியின் கடிதம் எல்லாம் சேர்த்துக் கோப்பு தயாரிக்க வேண்டும். மலாய் மொழியில் எழுதவேண்டிய அந்தக் கோப்புதான் பெரியவர்களை மிரட்டுகிறது. கல்லூரியில் படிக்கும் பேரப்பிள்ளை நான்கு சனிக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலை. நம் இயக்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் தன்முனைப்பு முகாம்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, இதற்கு ஒரு மேசை போடலாமே. சான்றிதழ் கையில் இருந்தால் தாத்தா கற்றுக்கொடுப்பவர் ஆகலாம், பேரன் பட்டறை திறக்கக் கடன் கேட்கலாம்.

எல்லாரும் உடனே பழைய ஜீப் வாங்கிப் பணக்காரர் ஆகலாம் என்று நான் சொல்லவில்லை. சேமநிதியை எடுத்து இதில் போட்டுப் பாதியில் விட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். 15 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு முழுக் காப்புறுதி எடுப்பதே பாடு. மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு ஓட்டி ஒருமுறை மோதினால், போட்ட பணம் அத்தனையும் போச்சு. அனுமதி இல்லாத மாற்றம் இருந்தால் காப்புறுதிக்காரர் அதையே சாக்காக வைப்பார்.

வீட்டில் அப்படி ஒரு வண்டி கிடந்தால், சாயத்தையோ டயரையோ பார்க்கும் முன், ஒரு கம்பித் தூரிகையும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் எண் இருக்கும் இடத்தை மெல்லத் தேய்த்து, எண் தெரிகிறதா, கிராண்டில் உள்ளதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். கிராண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் உயிரோடு இருக்கும்போதே பெயர் மாற்றத்துக்கு அழைத்துப் போங்கள். பழைய இரும்புக்காரர் லோரியோடு வந்து நின்றால், அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.