செல் காயமா, கட்டியா? பயொப்சிக்கு முன் நம் பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் வந்தால் வைத்தியசாலைகளில் இளஞ்சிவப்பு நாடாக்கள் தொங்குகின்றன. தாதியரும் மாணவரும் பதாகை பிடித்து நடக்கிறார்கள். ‘மார்பை நீங்களே சோதியுங்கள், கட்டி இருந்தால் உடனே வாருங்கள்’ என்பதுதான் செய்தி. இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோயே என்பதால் இந்தப் பிரசாரம் வேண்டியதுதான். ஆனால், கட்டியோடு வருகிற பெண்ணுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. கட்டி கைக்குத் தட்டுப்பட்ட நாளுக்கும், அது இன்னதென்று தெரிகிற நாளுக்கும் இடையில்தான் வடக்கு கிழக்கில் மாதங்கள் தொலைகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பு இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. ஒரு பெண் முதன்முதலில் வைத்தியரிடம் போனதிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று உறுதிசெய்யப்பட வேண்டும். முல்லைத்தீவிலோ மடுவிலோ இருக்கும் ஒருத்திக்கு இந்த 60 நாட்கள் எப்படிக் கழியும் என்று யோசித்தால், பிரச்சினை அவளுடைய ‘அறியாமை’ மட்டும் அல்ல என்பது விளங்கும்.

எங்கள் பெண்களிடம் கட்டிக்கு ஏற்கனவே ஒரு விளக்கம் இருக்கிறது. 2009இலோ அதற்கு முன்போ நெஞ்சிலும் தோளிலும் காயப்பட்டவர்கள், இன்றும் உடம்புக்குள் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள், ‘அது அந்தப் பீஸ்தான், குளிருக்குக் கொஞ்சம் தடிக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மார்பில் பலமாகக் காயம் பட்டால் அங்குள்ள கொழுப்பு இழையம் செத்து, சில வேளை பல ஆண்டுகள் கழித்தும், கடினமான கட்டியாகத் தட்டுப்படலாம். அது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால், தோலை உள்ளே இழுத்துக்கொண்டு, ஓரம் ஒழுங்கில்லாமல், மமோகிராமில் சுண்ணாம்புப் படிவுகளோடு தெரிகிறபோது அது புற்றுநோயைப் போலவே இருக்கும். மறுபக்கம், பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே உண்மையான புற்றுநோயும் வரலாம். தழும்பு அதற்குத் தடை அல்ல.

ஆகவே தழும்புள்ள மார்பில் அவளுடைய விரலாலும் சொல்ல முடியாது, வைத்தியரின் விரலாலும் சொல்ல முடியாது. ஸ்கான் ஓரளவு சொல்லும். சந்தேகம் மிஞ்சினால், ஊசியால் எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதொன்றே தீர்ப்பு. அதுதான் பயொப்சி.

பயொப்சி என்றவுடன் பலர் சத்திரசிகிச்சைக் கூடத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஸ்கானின் உதவியோடு செய்யும் பயொப்சிக்கு மயக்க மருந்து தேவையில்லை, வைத்தியசாலையில் தங்கவும் வேண்டியதில்லை. மல்லாந்து படுத்துக் கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்வார்கள். குளிர்ந்த ஜெல் பூசி, கர்ப்ப காலத்தில் வயிற்றில் வைத்துப் பார்த்த அதே ஸ்கான் கருவியை மார்பில் வைப்பார்கள். பிறகு விறைப்பு ஊசி. சில வினாடிகள் எரியும், முழுச் செயலிலும் கூடுதலாக நோவது பெரும்பாலும் அதுதான். விறைத்த பின் சில மில்லிமீற்றர் அளவுக்குத் தோலைக் கீறி, திரையைப் பார்த்தபடி ஊசியைக் கட்டி வரை கொண்டுபோவார்கள். இழையம் எடுக்கும்போது அழுத்தம் தெரியும், கூரான நோவு தெரியக்கூடாது. தெரிந்தால் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் விறைக்கவைப்பார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊசி வில்விசையில் இயங்குகிறது. ஒவ்வொரு துண்டு எடுக்கும்போதும் ‘டக்’ என்று வெடிப்பது போன்ற சத்தம் கேட்கும். மற்றவர்களுக்கு அது சின்னச் சத்தம். செல்லுக்கும் துவக்குச் சூட்டுக்கும் நடுவில் வாழ்ந்தவர்களுக்கு அப்படி இல்லாமல் போகலாம், உடம்பு தன்னையறியாமல் துள்ளும். ‘டொக்டர், குத்த முன்னம் அந்தச் சத்தத்தை ஒருக்கா வெளியில கேட்கவிடுங்கோ’ என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி, பல வைத்தியர்கள் கேட்காமலே செய்து காட்டுவார்கள்.

வழக்கமாக மூன்று முதல் ஆறு துண்டுகள் எடுப்பார்கள், ஒவ்வொன்றும் மெல்லிய நூல் போல இருக்கும். பிறகு பத்து நிமிடமளவில் அழுத்திப் பிடித்து, தையல் போடாமல் ஒட்டி அனுப்புவார்கள். எல்லாமாக அரை மணி, முக்கால் மணி நேரம். இரண்டொரு நாள் கண்டல் நோவு இருக்கும், பரசிற்றமோல் போதும். நீலம் பாய்ந்த இடம் ஒன்றிரண்டு கிழமையில் மாறும். ஒருநாள் இரண்டுநாள் தண்ணீர்க் கானும் விறகும் தூக்காமல் இருக்க வேண்டும். சொல்ல எளிது, அவளைத் தவிர வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது செய்வது கடினம். வீக்கம் கூடிக்கொண்டு போனாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ திரும்பப் போக வேண்டும். அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்கள் முன்னரே சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக்கூடாது.

கைக்குத் தட்டுப்படாத சுண்ணாம்புப் படிவுகள் மமோகிராமில் மட்டும் தெரிந்தால், மார்பை மமோகிராம் கருவியில் அழுத்தி வைத்தே ஊசி போடுவார்கள். அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதில் சிரமம். சிலருக்கு எடுத்த இடத்தில் எள்ளளவு உலோக அடையாளம் ஒன்றை விடுவார்கள். பின்னால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவும், கேடு செய்யாது.

உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள் அதை ஒவ்வொரு அறையிலும் மறுபடியும் சொல்ல வேண்டும். மமோகிராமுக்கும் சாதாரண ஸ்கானுக்கும் அதனால் ஆபத்தில்லை. மமோகிராமில் துண்டு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், அதன் பின்னால் இருப்பது மறைந்துபோகலாம், ஆகவே முன்கூட்டித் தெரிந்தால் வேறு கோணத்தில் எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. வேறு விஷயம். அந்தக் காந்தம் சில உலோகத் துண்டுகளை நகர்த்தும், சூடாக்கும். கண், முள்ளந்தண்டு, இரத்தக்குழாய் அருகில் துண்டு இருந்தால் அது பாரதூரமானது. எங்கே, எப்போது காயப்பட்டது என்று சொன்னால் முகாமில் நடந்தது போல விசாரணை வருமோ என்று தயங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். யார் பக்கம் இருந்தீர்கள் என்பது அந்த அறைக்குத் தேவையற்றது. ‘இந்த இடத்தில் இரும்பு இருக்கு’ என்பது போதும்.

‘ஊசி பட்டால் நோய் பரவும்’ என்ற பேச்சு ஊர் ஊராக நடமாடுகிறது. ஊசிப் பாதையில் சில கலங்கள் நகர்வது அவதானிக்கப்பட்டதுண்டு. ஆனால் பயொப்சி செய்ததால் நோய் பரவி உயிர் போகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தப் பேச்சு நிலைப்பதற்குக் காரணம் வேறு. காலம் கடந்து பயொப்சிக்குப் போனவர்கள் சில மாதங்களில் இறப்பதை ஊர் பார்க்கிறது. முந்தைய தாமதத்தை ஊர் பார்ப்பதில்லை.

தயக்கத்துக்கு இன்னொரு காரணத்தைப் பற்றி நாங்கள் வெளிப்படையாகப் பேசுவதில்லை. சோதனைச் சாவடிகளிலும் முகாம்களிலும் உடற்சோதனை என்ற பெயரில் கைவைக்கப்பட்ட பெண்களுக்கு, மேற்சட்டையைக் கழற்றி, அறிமுகமில்லாத ஆண் வைத்தியர் முன்னால் படுப்பது இலகுவான காரியம் அல்ல. பெண் வைத்தியர் எப்போதும் கிடைப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால், ஒரு பெண் தாதி கூடவே நிற்க வேண்டும் என்று கேட்கலாம். மற்றப் பக்கத்தை மூடிவைக்கக் கேட்கலாம். ‘நிப்பாட்டுங்கோ’ என்றால் நிப்பாட்டுவீர்களா என்றும் கேட்கலாம்.

அடுத்தது மொழி. 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. ஆயினும் நோயியல் அறிக்கை ஆங்கிலத்தில்தான் வருகிறது, வெளி மாகாண வைத்தியசாலைகளில் விளக்கம் சிங்களத்தில் வரலாம். விளங்காத தாளில் கையெழுத்து வைத்துப் பழகிய சமூகம் இது. சம்மதப் படிவத்தில் ஒப்பமிடுவதற்கு முன் தமிழில் விளக்கம் கேட்பது உரிமை. அறிக்கையின் பிரதியையும் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். ‘புற்றுநோய் இல்லை’ என்று வந்தால், ‘ஸ்கானில் தெரிந்ததோடு இது பொருந்துதா?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பொருந்தாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். புற்றுநோய் என்று வந்தால், எந்த மருந்து வேலை செய்யும் என்பதைக் காட்டும் ஹோர்மோன் ஏற்பிச் சோதனையும் அதே துண்டுகளிலேயே செய்யப்படும். மெல்லிய ஊசியால் கலங்களை மட்டும் உறிஞ்சும் பழைய முறையில் இத்தனை விபரம் கிடைக்காது. அதைச் செய்துவிட்டு, தடித்த ஊசிக்கு இன்னொரு திகதி கொடுக்கும்போது ஒரு மாதம் போய்விடுகிறது.

அந்த ஒரு மாதத்தின் விலையை அரசு கணக்கில் எடுப்பதில்லை. வடக்கு கிழக்கில் 89,000 போர் விதவைகள் இருப்பதாக 2010இல் அரசாங்கமே சொன்னது. முல்லைத்தீவிலிருந்து பரந்தன் ஊடாக யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். ஸ்கானுக்கு ஒருநாள், ஊசிக்கு ஒருநாள், முடிவுக்கு ஒருநாள் என்று மூன்று முறை போவதென்றால் மூன்று நாள் கூலி, மூன்று நாள் பிள்ளைகளை யாரிடமாவது விடுவது. 2022 நெருக்கடிக்குப் பின் வைத்திய நிபுணர்கள் நாட்டைவிட்டுப் போனதும் இந்த வரிசையை நீட்டியிருக்கிறது.

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நன்கொடையில். சிகிச்சைக்கு ஒரு கட்டடம் அப்படி வந்தது. நோயை உறுதிசெய்யும் வழிக்குப் புதிய கட்டடம் தேவையில்லை. 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் கட்டி கண்டவுடன், குடும்பநல உத்தியோகத்தர் அங்கேயே தொலைபேசியில் திகதி எடுக்க முடியும். தூரத்திலிருந்து வருபவருக்கு ஸ்கானையும் ஊசியையும் ஒரே நாளில் வைக்க முடியும். கடிதத்தில் ‘மார்பில் பழைய செல் காயம் உண்டு’ என்று ஒரு வரி எழுத முடியும். இவற்றை மாகாண சுகாதாரத் திணைக்களம் ஒரு சுற்றறிக்கையால் செய்யலாம். அடுத்த ஒக்டோபர் ஊர்வலத்தில் யாராவது அதைக் கேட்டுப் பதாகை பிடிக்கட்டும்.